மாங்கா அடிக்கிறானா, கண்ணு ஏமாத்துதா? சேலத்துல மோஷன் கேப்சருக்கு வழி உண்டா?

ஓமலூர்_இடதுகை | ஞாயிறு, இரவு 9:52

அண்ணன் பையனுக்கு 16 வயசு, இடதுகை வேகப்பந்து. நம்ம ஜில்லாவுல இடதுகையில பந்து பிடிக்கிற எல்லாப் பசங்களுக்கும் அடுத்த சின்னப்பம்பட்டி நடராஜன் நாமதான்னு ஒரு நெனப்பு, இவனுக்கும் அதே. இன்னிக்கு ஒரு லீக் மேட்ச். அவன் மூணாவது ஓவர் முடிஞ்சதும் அம்பயர் கேப்டனைக் கூப்பிட்டு, "பையன் மாங்கா அடிக்கிறான், இனிமே பந்து குடுக்காதே"ன்னுட்டார். அதாவது, மடக்கின கைய விரிச்சு பந்த எறியறானாம். நோ-பால் சொல்லல, எழுதியும் தரல. பையன் வர்ற வழியெல்லாம் வாயே திறக்கல. அஞ்சு ரோட்டுல வண்டிய ஓரங்கட்டி தட்டுவடை செட் வாங்கிக் குடுத்தேன். அது கையிலயே ஊறி நமத்துப் போச்சு.

வீட்டுக்கு வந்து, பவுண்டரி பக்கம் நின்னு போன்ல எடுத்த வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒரு பந்துல முழங்கை மடங்கி விரியற மாதிரி இருக்கு, அடுத்த பந்துல கம்பி மாதிரி நேரா இருக்கு. டிவியில காட்டுவாங்களே, உடம்பெல்லாம் குட்டிக் குட்டி வெள்ளை உருண்டை ஒட்டி, கம்ப்யூட்டர்ல எலும்புக்கூடு ஓடறது, அது சேலத்துல எங்கியாச்சும் உண்டா? இல்ல நாமளே பண்ணிக்க முடியுமா? நான் லாரி பாடி கட்டற பட்டறையில இருக்கேன், வெட்டறது ஒட்டறது எல்லாம் வரும். வீடியோவ இங்க போடட்டுமா?

தட்டுவடை_செட்டு | ஞாயிறு, இரவு 9:58

சேலத்துப் பையன் மாங்கா அடிக்காம வேற எந்த ஊர்க்காரன் அடிப்பான்.

(மன்னிக்கணும். அந்த செட் வீணானதுக்குத்தான் எனக்கு நெஜமா வருத்தம்.)

திருமணிமுத்தாறு | ஞாயிறு, இரவு 10:21

வீடியோவை இங்கே போட வேண்டாம். பையன் முகம் தெரியும். "த்ரோ" என்ற பேரோடு ஒரு துண்டு வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தால், அடுத்த அம்பயர் அவன் ரன்-அப் எடுக்கும் முன்பே முடிவு கட்டிவிடுவார்.

அந்த அம்பயர் செய்தது முறையும் இல்லை. பந்து எறியப்பட்டதாக நினைத்தால் நோ-பால் சொல்லி எச்சரிக்க வேண்டும். மறுபடி நடந்தால் மறுபடி நோ-பால், அந்த இன்னிங்ஸில் அதோடு அவன் பந்துவீச முடியாது. விதி அப்படித்தான் சொல்கிறது. காதோடு காதாகச் சொல்லி நிறுத்துவது கணக்கில் வராது.

விதியையே பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கை மடங்கியிருப்பது குற்றம் இல்லை, மடங்கிய கை விரிவதுதான் குற்றம். கை தோள் மட்டத்துக்கு வரும் கணத்தில் முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, பந்தை விடும் கணத்தில் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது ஐசிசி கணக்கு. 40 பாகை மடக்கி, அதே 40 உடன் விட்டால் சரி. 30 மடக்கி 10-ல் விட்டால் விரிந்தது 20, தப்பு. 2005-க்கு முன்னால் சுழலுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று மூன்று வரம்பு வைத்திருந்தார்கள். கேமரா வைத்து அளந்து பார்த்ததும், வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த வேகப்பந்து ஆட்களே அந்த 10-ஐத் தாண்டுவது தெரிந்தது. அப்புறம்தான் எல்லாருக்கும் ஒரே 15.

குகை_பழைய_கோச் | திங்கள், காலை 6:10

தம்பி, முப்பது வருசமா நெட்ஸ் பக்கம் நிக்கறேன். மாங்காவா இல்லையான்னு ஸ்டம்புக்குப் பின்னாடி நின்னு ரெண்டு பந்து பாத்தாப் போதும். உருண்டை ஒட்டி எலும்புக்கூடு பாக்கற வேலையெல்லாம் காசு இருக்கறவன் பொழுதுபோக்கு. பையன சாயந்தரம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்.

திருமணிமுத்தாறு | திங்கள், காலை 7:45

கோச் ஐயா, உங்கள் கண்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதே கண்தான் 1995-ல் மெல்போர்னில் இலங்கைச் சுழல் வீரர் முரளிதரனுக்கு ஏழு நோ-பால் கொடுத்தது. பிறவியிலேயே முழுசாக நீளாத கை அது. 2004-ல் முழங்கை அசையவே முடியாதபடி எஃகு வைத்த கட்டு மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் பந்து வீசிக் காட்டினார். கட்டுக்குள் கை விரிய வழியே இல்லை, ஆனாலும் சில கோணங்களில் எறிகிற மாதிரியேதான் தெரிந்தது.

காரணம் மந்திரம் இல்லை, நிழல். கேமரா என்பது முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் நிழல்தான். மாங்காய் பறிக்கிற தொரட்டியை வெயிலில் பிடித்து, கோலை அதன் இடத்திலேயே உருட்டிப் பாருங்கள். தொரட்டி மாறாது, தரையில் விழும் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். பந்து வீசும்போது மேல்கை தன் அச்சிலேயே உருளுகிறது, உடம்பும் திரும்புகிறது. மடங்கியபடியே உருளும் கை, ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு விரிவதுபோல் தெரியும்.

ஓமலூர்_இடதுகை | திங்கள், மதியம் 1:30

சாப்பாட்டு நேரத்துல செஞ்சு பாத்துட்டேன்ங்க. தொரட்டி கெடைக்கல. 8 எம்எம் கம்பிய ரெண்டடி வெட்டி, நடுவுல 30 டிகிரிக்கு வளைச்சு, வைஸ்ல வெச்சு கோணமானியால சரிபாத்தேன். பட்டறை வாசல்ல சிமெண்ட் தரை, வெயில் உச்சியில. ஒரு பாதிய தரைக்கு மட்டமாப் பிடிச்சு மெதுவா உருட்டினேன். மேஸ்திரி சாக்பீஸால நிழல வரைஞ்சார். முதல் கோடு 30. கொஞ்சம் உருட்டினா 22. கால் சுத்து வந்ததும் நிழல் ஒரே நேர்கோடு! கம்பி என்னமோ 30-லயேதான் இருக்கு. இன்னும் உருட்டினா அந்தப் பக்கமா மடங்குது.

மேஸ்திரி ரொம்ப நேரம் தரையப் பாத்துட்டு, "அப்ப அந்த அம்பயர் நிழலப் பாத்துத்தான் சொன்னாரா"ன்னார்.

அஸ்தம்பட்டி_பிசியோ | திங்கள், மாலை 4:05

இன்னொண்ணையும் சேர்த்துக்கோங்க. கைய நேரா தொங்கவிட்டு உள்ளங்கைய முன்னாடி காட்டினா, முன்கை உடம்பவிட்டுக் கொஞ்சம் விலகி நிக்கும். குடம் தூக்கறப்ப தொடையில இடிக்காம இருக்குமே, அந்த விலகல். சிலருக்கு இது அதிகம். அப்படிப்பட்டவங்க கைய முழுசா நீட்டினாலும் முன்னாடி இருந்து பாக்க மடங்கின மாதிரி இருக்கும். இன்னும் சிலருக்கு முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்பக்கம் வளையும். அந்த வளைவ 15-ல சேக்கறதில்ல.

பையனக் கூட்டிட்டு வாங்க, கோனியோமீட்டர் (மூட்டுக் கோணம் அளக்கற கருவி) வெச்சு ரெண்டு கையையும் அளந்து தர்றேன். பத்து நிமிஷ வேலை. வீடியோவுக்கு முன்னாடி இது தெரிஞ்சாகணும்.

ஓமலூர்_இடதுகை | திங்கள், மாலை 4:40

ரொம்ப நன்றிங்க மேடம், புதன்கிழமை வர்றோம்.

திருமணி அண்ணா, அந்த உருண்டை எல்லாம் என்னங்க? லாரிக்குப் பின்னாடி ஒட்டற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ரோல் ரோலா எங்க பட்டறையில கெடக்கு. தெர்மாகோல் உருண்டையில சுத்தினா ஆகாதா?

திருமணிமுத்தாறு | திங்கள், இரவு 9:15

நல்ல யோசனை, தத்துவம் அதேதான். சென்னையில் ஒரு நடை ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷம் இதே உருண்டைகளை ஒட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கேமராவின் லென்ஸைச் சுற்றியும் அகச்சிவப்பு விளக்கு வளையம் இருக்கும். அந்த ஒளி உருண்டையில் பட்டு வந்த வழியே திரும்பும். கேமராவுக்கு ஆள் தெரியமாட்டான், இருட்டில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். ஒரு புள்ளியைக் குறைந்தது இரண்டு கேமராவாவது ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட முடியும். உடம்பு திரும்பும்போது கை மறையும், அதனால்தான் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சுற்றிலும் மாட்டுகிறார்கள். முதலில் தெரிந்த நீளமுள்ள ஒரு கோலைக் கூடம் முழுக்க ஆட்டி கேமராக்களுக்கு அளவு கற்றுக்கொடுப்பார்கள். அது சரியாக அமைந்தால் மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையில் புள்ளியைப் பிடிக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் விக்கானும் ஸ்வீடனின் குவாலிசிஸும் இந்தத் தொழிலில் பழைய பெயர்கள். விலை லட்சக்கணக்கில்.

உங்கள் ஸ்டிக்கரின் சிக்கல்: லாரி ஸ்டிக்கர் பெரும்பாலும் தட்டைப் பரப்புக்குச் செய்த பட்டக வகை. உருண்டையில் சுற்றினால் மடிப்பு விழும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மின்னாது. போலீஸ்காரர் சட்டையில் தைக்கிற சாம்பல் நிறத் துணிப்பட்டை, நுண்ணிய கண்ணாடி மணி பதித்தது, அதுதான் வளையும். ஆனால் அதைச் சுற்றி என்ன செய்யப் போகிறோம்? நம்மிடம் அந்தக் கேமரா இல்லை. வெட்டவெளியில் வெயிலிலேயே அகச்சிவப்பு நிறைந்திருப்பதால் அந்தக் கேமராக்களே திணறும். சேலத்துச் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். வேர்வையில் உருண்டை வழுக்கி விழுவது தனிக் கதை. ஒருமுறை தடகளப் பையன் ஒருவனின் முட்டி உருண்டை மூன்றாவது ஓட்டத்தில் காணாமல் போய், கடைசியில் அவன் ஷூவுக்குள் கிடந்தது.

உருண்டையை எலும்பில் ஒட்ட முடியாது, தோலில்தான் ஒட்டுகிறோம். தோல் எலும்புமேல் நகரும். முழங்கையின் இரண்டு பக்கமும் எலும்பு முட்டு தடவினால் தெரியும் பாருங்கள், மூட்டின் அச்சு அதன் குறுக்கே போகிறது. கை சுழலும்போது அங்கே தோல் மோசமாக இழுபடும். அதனால் மேல்கையிலும் முன்கையிலும் தகடுபோல் மும்மூன்று உருண்டைக் கொத்து வைத்து, அவற்றிலிருந்து அச்சை மீட்டெடுப்பார்கள். முழங்கைக் கோணம் ஒன்றுக்காக இவ்வளவு பாடு.

கொண்டைஊசி20 | செவ்வாய், காலை 5:20

கிரிக்கெட் இழையில மூக்க நுழைக்கறேன். ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் இறங்கி ஓடற ஆளு நான். 20 கொண்டை ஊசி, பத்தாவது வளைவு வரும்போதே முட்டி பேச ஆரம்பிச்சிடும். மலையில கேமரா எங்க மாட்டறது? கணுக்கால்ல கட்டற சென்சார்னு சொல்றாங்களே, அது உதவுமா?

திருமணிமுத்தாறு | செவ்வாய், காலை 7:30

உங்களுக்கு அதுதான் சரி. முடுக்கமானி, சுழல்மானி, காந்தமானி மூன்றும் சேர்ந்த சில்லு. கேமரா தேவையில்லை, எவ்வளவு தூரமும் போகலாம். கணைக்கால் எலும்போடு ஒட்டிக் கட்டினால் ஒவ்வொரு அடிக்கும் கால் வாங்கும் அதிர்வு தெரியும். இறக்கத்தில் நீட்டி நீட்டி அடி வைத்தால் அது எகிறும். அடியைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள், எண் இறங்குவது அன்றைக்கே தெரியும். குறை என்னவென்றால், நேரம் ஆக ஆகக் கோணக் கணக்கு மெல்ல விலகும். பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்தமானி குழம்பும்.

தட்டுவடை_செட்டு | செவ்வாய், காலை 8:02

அப்ப கஞ்சமலைப் பக்கம் யாரும் ஓடிடாதீங்க. மலையே மேக்னடைட், சென்சார் ஸ்டீல் பிளாண்ட்டுக்கு வழி காட்டும்.

ஓமலூர்_இடதுகை | புதன், இரவு 8:50

மேடம் அளந்தாங்க. வலது கை முழுசா நீளுது. இடது கை நேரா வரவே இல்ல, எவ்வளவு அழுத்தினாலும் 9 டிகிரி மிச்சம். எட்டு வயசுல கொய்யா மரத்துல இருந்து விழுந்தது எங்களுக்கே மறந்து போச்சு, அவன்தான் சொன்னான். விலகலும் அந்தக் கையிலதான் ஜாஸ்தி.

அஸ்தம்பட்டி_பிசியோ | புதன், இரவு 9:30

அதனால அவன் கை எப்பவுமே மடங்கின மாதிரிதான் தெரியும். இதனாலயே அவன் சுத்தம்னும் சொல்ல முடியாது, எறியறான்னும் சொல்ல முடியாது.

எனக்கு அதைவிடக் கவலை அவன் முதுகு. ஓடி வர்றப்ப இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பற ஆக்‌ஷன். பின்கால் ஊன்றினதுக்கப்புறம் தோள் 30 பாகைக்கு மேல எதிர்ப்பக்கம் திரும்பினா அத கலப்பு ஆக்‌ஷன்னு வகைப்படுத்தி, கீழ்முதுகு எலும்புல விரிசல் வர வாய்ப்பு கூடன்னு எச்சரிக்கறாங்க. வளர்ற வயசுல இன்னும் மோசம். முன்கால் ஊன்றற நொடியில உடம்பு எடையப்போல அஞ்சு மடங்குக்கும் மேல தரை திருப்பி அடிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடறான்னு கேட்டேன், "எண்ணினதில்ல"ன்னான். எண்ணச் சொல்லுங்க.

திருமணிமுத்தாறு | வியாழன், காலை 7:10

சரி, போனில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம். தோள் மட்டத்திலிருந்து பந்து விடும் வரை ஆகும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, இரண்டு மூன்று படம்தான் கிடைக்கும், அதுவும் கை புகை மாதிரி கலைந்து. மணிக்கு 120 கி.மீ. போகும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஸ்லோமோஷனில் 240 வையுங்கள், வெயில் நன்றாக இருக்கும்போது எடுங்கள். சில மலிவு போன்களில் 960 என்று போட்டிருப்பது நடுநடுவே மென்பொருள் இட்டு நிரப்பிய படம், அளக்க உதவாது.

ஒரு போன், பக்கவாட்டில், கினோவியா என்கிற இலவச மென்பொருள்: முன்கால் முட்டி, அடி நீளம், தலை சாய்வு பார்க்க இது போதும். முப்பரிமாணம் வேண்டுமானால் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஓப்பன்கேப் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இலவசம். இரண்டு ஐபோன், இரண்டு ஸ்டாண்டு, அச்சடித்த ஒரு சதுரங்கக் கட்டம். உருண்டையே வேண்டாம், படத்திலிருந்தே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும். ஆனால் 2023-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலேயே கோணங்களில் சராசரிப் பிழை 4.5 பாகை. அதுவும் நடப்பது, உட்கார்ந்து எழுவது, குதிப்பது போன்றவற்றில், இடுப்புக்குக் கீழே. சாட்டையாகச் சுழலும் முழங்கைக்கு அதை நம்பாதீர்கள். வரம்பே 15.

ஓமலூர்_இடதுகை | ஞாயிறு, இரவு 8:15

இன்னிக்குப் பண்ணிட்டோம்! மச்சான் ஐபோன் ஒண்ணு, திருமணி அண்ணனோடது ஒண்ணு, பக்கவாட்டுல என் போன். சதுரங்கக் கட்டத்தப் பிளைவுட்ல ஒட்டினேன், ஒரு மூலை காத்துல தூக்கிக்கிட்டே இருந்துச்சு, கடைசியில ரிவெட் அடிச்சுட்டேன். கோச் ஐயாவும் வந்து, முதல் மூணு பந்துக்கு எதுவும் பேசாம நின்னார்.

முழங்கை விஷயம் அண்ணன் சொன்ன மாதிரியேதான். ஒரே மாதிரி போட்ட ரெண்டு பந்துக்கு ஒண்ணுல 11 காட்டுது, இன்னொண்ணுல 19. போன கொஞ்சம் நகத்தி வெச்சா வேற எண்ணு. அதைக் கிழிச்சுப் போட்டாச்சு.

ஆனா பக்கவாட்டு வீடியோவ கினோவியாவுல ஓட்டினப்ப ஒண்ணு தெரிஞ்சது. இடதுகைக்காரன்ங்கறதால முன்கால் வலது. முதல் ஓவர்ல அந்தக் கால் தூண் மாதிரி நிக்குது, முட்டி பந்து விடற வரைக்கும் இளகல. நாலாவது ஓவர்ல முட்டி மடங்கி உடம்பு ஒரு பக்கமா சரியுது, கை காதுகிட்ட இருந்து இறங்கிடுது. மேட்ச்லயும் அம்பயர் பேசினது மூணாவது ஓவர் முடிஞ்சுதான்.

குகை_பழைய_கோச் | ஞாயிறு, இரவு 8:40

முட்டி விழுதுன்னு அங்கயே நான் சொன்னேன், யாரும் எழுதிக்கல. போகட்டும். ஆனா எத்தனாவது ஓவர்ல விழுதுன்னு எனக்குத் தெரியாது, அத ஒத்துக்கறேன். நெட்ஸ்ல எவனும் நாலு ஓவர் தொடர்ச்சியாப் போடறதில்ல.

நடராஜன் கதையும் சொல்லிடறேன், பையனுக்குப் படிச்சுக் காட்டுங்க. 2015 ஜனவரியில வங்காளத்துக்கு எதிரா முதல் ரஞ்சி மேட்ச், அதுலயே ஆக்‌ஷன் சந்தேகம்னு எழுதிட்டாங்க. ஊருக்குத் திரும்பி உக்காந்துடல. சென்னையில ஆக்‌ஷன அடியில இருந்து பிரிச்சுக் கட்டினாங்க. 2016-ல தமிழ்நாடு பிரீமியர் லீக், 2017-ல ஐபிஎல்ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, 2020 டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடினான். அடுத்த மாசம் பிரிஸ்பேன்ல டெஸ்ட்டும் ஆடிட்டான். அவன் யார்க்கர் நீங்க எல்லாரும் பாத்தது. நடுவுல இருந்த அந்த ஒண்ணரை வருசத்த யாரும் பாக்கல.

திருமணிமுத்தாறு | ஞாயிறு, இரவு 9:20

சுத்தமா இல்லையா என்று முத்திரை குத்த நம்மால் முடியாது. அதற்கு போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா இருக்கிறது. 2014-ல் ஐசிசி அங்கீகாரம் பெற்ற கூடம். அங்கே சும்மா மெதுவாகப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது, மேட்ச் வீடியோவோடு ஒப்பிட்டு அதே வேகம், அதே ஆக்‌ஷன்தானா என்று பார்ப்பார்கள். மாவட்டச் சங்கம் வழியாகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கோனியோமீட்டர் அளவு எழுதிய தாளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

போவதற்கு முன் ஆறு வாரம் அந்த முட்டியைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை அதே இடம், அதே உயரம், அதே போன், நாலாவது ஓவரின் கடைசிப் பந்து. போன் ஸ்டாண்டு நின்ற இடத்தில் தரையில் ஆணி அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஓமலூர்_இடதுகை | ஞாயிறு, இரவு 9:45

ஆணியப் பாத்தேன் அண்ணா, மேல சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிட்டேன், யாரும் மிதிக்க வேண்டாம்னு. இன்னிக்கு 38 பந்து, நோட்டுல எழுதியாச்சு. எக்மோர் ராத்திரி ட்ரெயின்ல டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன்.

பையன் ஒரு கேள்வி கேக்கச் சொன்னான்: அங்க உருண்டை ஒட்ட கையில முடி வழிக்கணுமா?

அஸ்தம்பட்டி_பிசியோ | ஞாயிறு, இரவு 10:02

வழிச்சா நல்லது, இல்லாட்டி டேப் பிரிக்கறப்ப வழிஞ்சுடும். ரெண்டு நாள் முன்னாடியே பண்ணிக்கச் சொல்லுங்க. அன்னிக்குக் காலையில வழிச்சு வெட்டிக்கிட்டா வேர்வையில எரியும், கைய ஒழுங்காச் சுத்தமாட்டான்.